கோல்ஃப் போட்டி நடத்திக் கல்லூரி உதவித்தொகை திரட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் சிறு நகரங்களில் இயங்கும், ஈராண்டுப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரிகள் பல, மாணவர் உதவித்தொகைக்காக ஆண்டுதோறும் ஒரு கோல்ஃப் போட்டியை நம்பியிருக்கின்றன. கல்லூரியின் சார்பில் ஓர் அறக்கட்டளை போட்டியை நடத்துகிறது. ஊர் வங்கியும் கார் விற்பனை நிலையமும் பல் மருத்துவரும் புரவலர்களாகின்றனர். நால்வர் நால்வராகச் சேர்ந்த அணிகள் பதினெட்டுக் குழிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் ஆட்டத்தைத் தொடங்குகின்றன. மாலை விருந்தில் ஆளுயரக் காசோலையைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்வதும் வழக்கம். தவறுகளில் பாதி, அந்தக் காசோலையில் எழுதப்படும் தொகையிலிருந்தே தொடங்குகின்றன.

வசூலான தொகை முழுவதையும் உதவித்தொகையாக அறிவித்துவிடுவதே பெருந்தவறு. குழிக்கு இரண்டு அணி வீதம் 144 பேர் ஆடுகிறார்கள் என்றும், நுழைவுக் கட்டணம் தலைக்கு 150 டாலர் என்றும் வைத்துக்கொண்டால், வசூல் 21,600 டாலர். மைதானக் கட்டணம், வண்டி வாடகை, உணவு ஆகியவற்றுக்குத் தலைக்கு 90 டாலர் கொடுத்தால், அதில் 12,960 டாலர் மைதானத்துக்கே போய்விடும். எஞ்சும் 8,640 டாலரில்தான் பரிசுகள், டி-ஷர்ட், அச்சுச் செலவு, காப்பீடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஆட்டக்காரர் கட்டணம் போட்டியின் செலவைத் தாங்கும், புரவலர் தரும் பணமே மாணவரைச் சென்றடையும் என்று தொடக்கத்திலேயே கணக்கிட்டுக்கொள்வது நல்லது. புரவலர்கள் உறுதியாவதற்கு முன்பே, இத்தனை பேர் கட்டாயம் வருவர் என்று மைதானத்துக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு ஆள் தேடி அலைவது இதன் உடன்பிறந்த தவறு.

ரசீதிலும் இதே குழப்பம் தொடர்கிறது. 150 டாலர் கட்டியவர் 150 டாலரும் நன்கொடை என்று நினைக்கிறார்; போட்டியை நடத்தும் குழுவும் அப்படியே ரசீது எழுதித் தருகிறது. அவர் பெற்றுக்கொண்ட ஆட்டமும் உணவும் 90 டாலர் பெறுமானால், வரிக்கழிவுக்கு உரியது மீதி 60 டாலர் மட்டுமே. ஒருவர் 75 டாலருக்கு மேல் செலுத்தி அதற்கு ஈடாக ஏதேனும் பெற்றுக்கொள்ளும்போது, அதன் மதிப்பை அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டிய கடமை அறக்கட்டளைக்கு உண்டு; 250 டாலரோ அதற்கு மேலோ நன்கொடை தந்தவர் எழுத்துவழி ஒப்புதல் இல்லாமல் கழிவு கோர முடியாது. பலர் சறுக்கும் இடம் ஒன்றுண்டு: மைதான உரிமையாளர் அன்றைய ஆட்டத்தை இலவசமாகவே விட்டுக்கொடுத்தாலும் ஆட்டக்காரர் பெற்ற பயனின் மதிப்பு குறைவதில்லை, ஏனெனில் கணக்கில் வருவது குழுவுக்கு ஆன செலவு அல்ல, சந்தை மதிப்பு. குலுக்கல் சீட்டு வாங்கிய பணத்துக்கோ கழிவே கிடையாது. குலுக்கல் நடத்துவதற்கான விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுவதால் சீட்டு அச்சடிக்கும் முன் விசாரித்துவிட வேண்டும்.

ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் செலுத்துபவருக்குக் கார் என்று அறிவிப்பது கூட்டத்தை ஈர்க்கும். சாதாரண ஆட்டக்காரருக்கு இது ஏறத்தாழ 12,500 முயற்சிகளில் ஒருமுறை வாய்க்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதை நம்பிக் காப்பீடு எடுக்காமல் விடுவது ஒரு தவறு; எடுத்துவிட்டு நிபந்தனைகளைப் படிக்காமல் இருப்பது இன்னொன்று. குறைந்தபட்சத் தூரம், சாட்சிகள், ஆடுவோர் எண்ணிக்கை என்று ஒப்பந்தம் எதைக் கேட்கிறதோ அது ஆட்டத்தன்று அப்படியே இருக்க வேண்டும். விடியற்காலையில் மைதான ஊழியர், முதல் அடி அடிக்கும் இடத்தைக் காட்டும் குறியைச் சில கெஜம் முன்னே நகர்த்தி வைத்திருந்தால், தூரம் குறைந்து காப்பீடு செல்லாமல் போய், கார் வாங்கித் தரும் பொறுப்பு அறக்கட்டளையின் தலையில் விழலாம்.

திரட்டிய பணத்தை அந்த ஆண்டே கொடுத்துத் தீர்ப்பதா, முதலைத் தொடாமல் வருவாயிலிருந்து வழங்கும் நிலைநிதியாக வைப்பதா என்பதை முடிவு செய்யாமலேயே வாக்குறுதி தந்துவிடுகிறார்கள். நிலைநிதியில் ஆண்டுக்கு 4 முதல் 5 விழுக்காடு வரை எடுப்பது வழக்கம் என்பதால், 25,000 டாலர் வைத்தாலும் கிடைப்பது 1,000 முதல் 1,250 டாலர்தான். ஆண்டு வசூலையே நம்பினால், மழையால் போட்டி நின்றுபோன வருடத்தில் இரண்டாமாண்டு மாணவருக்குத் தருவதாகச் சொன்ன தொகைக்கு வழியிராது. குறைந்தது ஓராண்டுக்கான தொகையைக் கையிருப்பில் வைத்த பிறகே ஈராண்டு உதவி என்று அறிவிப்பது என் கணிப்பில் முறையானது.

தகுதி விதிகளை எழுதும்போது, போட்டி கோல்ஃப் என்பதற்காக மாணவரிடமும் கோல்ஃப் ஆர்வத்தைத் தேடுவது தேவையற்றது. 1916இல் அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் பட்டத்தை வென்ற சிக் எவன்ஸின் பெயரால் 1930இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்களுடன் தொடங்கிய உதவித்தொகைகூட, ஆட்டத் திறமைக்காக அன்றி, ஆட்டக்காரர்களின் பை சுமந்த கேடிகளின் படிப்புக்காகவே ஏற்பட்டது. இதைவிடக் கேடு செய்வது முழுநேர மாணவர் மட்டும் என்ற வரி. முழுநேரம் என்றால் பருவத்துக்கு 12 பாட அலகுகள். சமுதாயக் கல்லூரிகளில் பெரும்பாலோர் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிப்பவர்கள். யோசிக்காமல் எழுதிய அந்த ஒரு வரி, உதவி மிகவும் தேவைப்படுவோரையே வெளியே நிறுத்திவிடுகிறது.

பெரும் புரவலர் ஒருவர் தம் உறவினர் பையனுக்கென்று பணம் தந்தால் அது அறக்கொடை ஆகாது, வரிக்கழிவும் கிடைக்காது. தகுதி குறித்து அவர் கருத்துச் சொல்லலாம், ஆளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் மட்டும் அவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ இருக்கலாகாது.

கடைசியாக, பணத்தைக் கல்லூரியிடம் ஒப்படைத்ததோடு வேலை முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து உதவி வந்தால், தான் தரவிருந்த மானியத்தை அதே அளவுக்குக் கல்லூரி குறைத்துக்கொள்வது உண்டு. மேரிலாந்து மாநிலம் 2017இல் தன் அரசுக் கல்லூரிகளில் இதற்குச் சட்டத்தால் தடை போட்டது. பிற இடங்களில் நிதியுதவி அலுவலகத்தை முன்கூட்டியே கேட்டு, குறைப்பதாயின் மானியத்துக்குப் பதில் மாணவரின் கல்விக் கடனைக் குறைக்கும்படி உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். அமெரிக்க அரசின் கல்வி நிதியுதவிக்கான ஃபாஃப்சா (FAFSA) விண்ணப்பத்தை நிரப்பச் சொல்லி மாணவருக்கு நினைவூட்டாமல் விடுவதும் நட்டமே, ஏனெனில் 2025-26 கல்வியாண்டில் 7,395 டாலர் வரை கிடைக்கக்கூடிய, திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத அரசின் பெல் மானியத்துக்கு அதுவே வாயில். கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் பாடநூலுக்கும் செலவிடும் தொகைக்கு வரி இல்லை. அதே பணத்தை வீட்டு வாடகைக்குக் கொடுத்தால் அது வரிக்குரிய வருமானமாகிறது என்பதை உதவித்தொகைக் கடிதத்திலேயே மாணவருக்கு எழுதிவிட வேண்டும்.