பள்ளி நூலகத்தைப் புதுப்பிக்கலாம் வாருங்கள்: பூட்டைத் திறப்பதிலிருந்து தொடங்கும் செய்முறை

நூலகப் பொறுப்பு என் தலையில் விழுந்த அன்று கைக்கு வந்தவை மூன்று: ஒரு சாவிக்கொத்து, ஒரு நூல் இருப்புப் பதிவேடு, ஓர் எச்சரிக்கை. "ஒரு புத்தகம் குறைந்தாலும் தணிக்கையில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்" என்றார் எனக்கு முன் பொறுப்பில் இருந்தவர். பாதிப் பள்ளிகளில் நூலகத்தைப் பூட்டி வைத்திருப்பது இந்த ஒரு வாக்கியம்தான் என்று நினைக்கிறேன். அறையில் இரண்டு இரும்பு பீரோ, உடைந்த பெஞ்சுகள், பழைய விடைத்தாள் கட்டுகள். மாணவர்கள் உட்கார இடமே இல்லை.

என்னைப் போல நூலகப் பயிற்சி ஏதும் இல்லாமல் பொறுப்பேற்ற ஆசிரியர்களுக்காக, நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். பெயின்ட் அடிப்பதும் சுவரில் ஓவியம் வரைவதும் இதில் கடைசியில்கூட வராது.

1. ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

எதையும் நகர்த்த வேண்டாம். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு யார் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள், எதைக் கேட்கிறார்கள், எது கிடைக்காமல் திரும்புகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் கால அட்டவணையில் நூலகப் பாடவேளை வெள்ளிக்கிழமை கடைசி. அதைப் பெரும்பாலும் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிவிடுவார். ஆனால் மதிய உணவு முடிந்து தட்டைக் கழுவிவிட்டு வரும் பிள்ளைகள், மணியடிக்கும் வரை அந்த வாசலிலேயே நின்றார்கள். அப்படியானால் நூலகம் திறந்திருக்க வேண்டிய நேரம் அந்த இருபது நிமிடம்.

ஆசிரியர்களிடம் "நூலகத்தில் என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். கம்ப்யூட்டர், ஏ.சி. என்று பட்டியல் நீளும். "கடைசியாக எதைத் தேடி இங்கே வந்தீர்கள்?" என்று கேளுங்கள். தமிழாசிரியர் ஓர் அகராதி தேடி வந்து, சாவி இல்லாததால் திரும்பிப் போனதாகச் சொன்னார். அது நடந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

2. எல்லாவற்றையும் தரையில் இறக்குங்கள்

இதுதான் நீண்ட வேலை. இரண்டு சனிக்கிழமைகள் பிடிக்கும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்து மூன்று குவியலாகப் பிரியுங்கள்: வைக்க, தைக்க, கழிக்க.

கழிக்க வேண்டியவை எவை? மடித்தால் அப்பளம் போல நொறுங்கும் தாள், காலாவதியான பாடத்திட்டத்தின் வழிகாட்டி நூல்கள், இன்று யாரும் பயன்படுத்தாத கணினி மென்பொருளுக்கான கையேடுகள், ஒரே நூலின் பதினைந்து பிரதிகளில் பன்னிரண்டு. பழையது என்பதற்காக மட்டும் எதையும் கழிக்காதீர்கள். பள்ளியின் பழைய ஆண்டு மலர், உள்ளூர்க் கோயில் தல வரலாறு, ஊர்ப் பெரியவர் யாரோ அச்சடித்துக் கொடுத்த சிறு வெளியீடு போன்றவை வேறெங்கும் கிடைக்காது. அவற்றுக்குத் தனித் தட்டு ஒதுக்குங்கள்.

கழிப்பதை நீங்களாக எடைக்குப் போட்டுவிடக் கூடாது. பதிவேட்டு எண், தலைப்பு, விலை, கழிக்கும் காரணம் என்று ஒரு பட்டியல் தயாரியுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்து, தலைமையாசிரியர் வழியாக எழுத்து வடிவில் அனுமதி வாங்குங்கள். பிறகு இருப்புப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே சிவப்பு மையில் 'கழிவு' என்று தேதியோடு எழுதுங்கள். தணிக்கை பயத்துக்கு மருந்து இந்தச் சிவப்புக் கோடுதான்.

பீரோவின் பின்பக்கத்தையும் பாருங்கள். ராமபாணப் பூச்சியும் கரையானும் அங்கேதான் குடியிருக்கும். திரும்ப வைக்கும்போது சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் சுவரின் ஈரம் நேராகப் புத்தகத்துக்கு இறங்காது.

3. காகிதத்தில் அறையை அமையுங்கள்

அறையை அளந்து, ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் கட்டத்தாளில் வரையுங்கள். அலமாரி, மேசை எல்லாவற்றையும் அதே அளவில் அட்டையில் வெட்டி நகர்த்திப் பாருங்கள். எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இதை என்னைவிட நன்றாகச் செய்தார்கள்.

ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கை எட்டாத தட்டில் ஆறாம் வகுப்புப் புத்தகம் இருக்கக் கூடாது. ஒரு பிள்ளையை நிற்கவைத்துக் கையை உயர்த்தச் சொல்லி, சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அதுதான் உங்கள் மேல் தட்டு. சக்கர நாற்காலி போக அலமாரிகளுக்கு நடுவே மூன்றடி விடுங்கள். வாசல் பக்கம் முதலில் கண்ணில் படுவது வழங்கும் மேசையாக இல்லாமல் புத்தகமாக இருக்கட்டும்.

ஜன்னலோரம் வாசிப்பவர்களுக்கு. இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். மேற்கு ஜன்னலின் கீழே படக்கதைப் புத்தகங்களை அழகாக அடுக்கினோம். கோடை விடுமுறை முடிந்து திறந்தபோது சிவப்பு அட்டைகளெல்லாம் வெளிறி ரோஸ் நிறமாகியிருந்தன. இப்போது அந்த இடத்தில் இரண்டு கோரைப்பாய்கள் கிடக்கின்றன.

4. வகை பிரித்தல்

1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், அதற்கு முன் கணித ஆசிரியராக இருந்தவர், சீர்காழிக்காரர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி. இருபது நிமிட இடைவேளையில் வரும் பிள்ளைக்கு இந்த நான்காவதுதான் உயிர்.

பெரிய நூலகங்களில், நூல்களைப் பொருள்வாரியாகப் பத்துப் பெரும் பிரிவுகளாக்கும் ட்யூவி தசம முறைப்படி எண் போடுவார்கள்: 500 அறிவியல், 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும். பள்ளிக்கு முதல் இலக்கமே போதும். ஒவ்வொரு பெரும் பிரிவுக்கும் ஒரு வண்ணம், முதுகில் ஒரு பட்டை. பிள்ளைகள் "பச்சையில் பார்த்தாயா?" என்று பேசிக்கொள்ளத் தொடங்கினால் முறை நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். சாதாரண ஸ்டிக்கர் மட்டும் ஒட்டினால் மே மாத வெயிலில் உரிந்து தரையெல்லாம் கிடக்கும். மேலே அகலமான செல்லோ டேப்பைச் சுற்றி ஒட்டுங்கள்.

நம் புத்தகங்களுக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, ஆசிரியர் பெயரின் தலைப்பெழுத்து. 'க. முருகன்' என்பவரைச் சிலர் 'க' வரிசையிலும் சிலர் 'மு' வரிசையிலும் வைத்துவிடுகிறார்கள். பெயரை வைத்தே அடுக்குவது என்று முடிவெடுத்து, அதை அட்டையில் எழுதி மாட்டுங்கள். இரண்டாவது, நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்த பதினாறு பக்கச் சிறுவர் நூல்கள். இவற்றுக்கு முதுகே கிடையாது. அலமாரியில் செருகினால் காணாமலே போகும். சுவரோரம் நைலான் கயிறு கட்டி, துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் உங்களிடம் இருந்தால் நுழை, நட, ஓடு, பற என்ற நிலைகளை அப்படியே நான்கு கயிறுகளாக்கிவிடலாம்.

5. வழங்குதல்

மென்பொருள் வேண்டுமா என்று கேட்பார்கள். கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசம்தான், நல்லதும்கூட. ஆனால் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு புத்தகம் உள்ள இடத்தில் அதைப் பராமரிக்க ஆள் தேடுவதற்குள் ஆண்டுத் தேர்வு வந்துவிடும். வகுப்புக்கு ஒரு நோட்டு போதும்: பெயர், நூல் எண், எடுத்த தேதி, கொடுத்த தேதி. வகுப்புக்கு இரண்டு மாணவ நூலகர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

அபராதம் வைக்காதீர்கள். ஐந்து ரூபாய்க்குப் பயந்து புத்தகத்தையே ஒளித்துவிடுவார்கள். தொலைத்தால் வேறு ஏதாவது ஒரு புத்தகம் கொண்டுவரட்டும், அதுவும் முடியாவிட்டால் கழிவுப் பட்டியலில் சேரட்டும். எங்களுக்கு முதல் ஆண்டில் ஒன்பது புத்தகங்கள் போயின. தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே "பத்து வரை போகும்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

6. ஆசிரியர்களை உள்ளே இழுத்தல்

ஆசிரியர்கள் நூலகத்துக்கு வரமாட்டார்கள். நூலகம் அவர்களிடம் போக வேண்டும். ஒரு பாடம் தொடங்குவதற்கு முன் அது தொடர்பான எட்டுப் பத்து புத்தகங்களை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு வகுப்புக்கு அனுப்புங்கள். ஏழாம் வகுப்பு அறிவியலுக்கு நான் அனுப்பிய முதல் பெட்டி மூன்று வாரம் திரும்பி வரவில்லை. நினைவூட்டப் போனபோது ஆசிரியை, "அடுத்த பாடத்துக்கும் இருக்கிறதா சார்?" என்றார்.

பள்ளிக் கல்வித் துறை அனுப்பும் ஊஞ்சல், தேன்சிட்டு, கனவு ஆசிரியர் இதழ்கள் அலுவலக அறையில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கலாம். போய்ப் பாருங்கள்.

7. வாங்குவது இப்போதுதான்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நூலக மானியம் பள்ளியின் நிலையைப் பொறுத்து 5,000 முதல் 20,000 ரூபாய் வரை என்று வகுக்கப்பட்டது. முதல் வாரத்து நோட்டில் 'கிடைக்காமல் திரும்பியவை' பக்கத்தைத் திறந்து, அதிலிருந்து தொடங்குங்கள். முடிந்தால் நான்கு பிள்ளைகளைப் புத்தகக் காட்சிக்கு அழைத்துப் போய் அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட் நூல்கள் கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கும். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டு, அதே கயிற்றில் தொங்கவிடலாம்.

பருவம் முடிந்ததும் ஒருமுறை கூட வெளியே போகாத புத்தகங்களைத் தேடி எடுங்கள். கழிக்க அவசரப்படாமல், ஒரு வாரம் அட்டை தெரியும்படி வாசல் மேசையில் நிறுத்திவையுங்கள். எங்கள் மேசையிலிருந்து முதலில் நகர்ந்தது தேனீ வளர்ப்பு பற்றிய ஒரு தடித்த கையேடு. எடுத்துப் போனது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. நோட்டில் அவள் பெயருக்கு எதிரே அதே எண் இதுவரை மூன்று முறை இருக்கிறது. மூன்றாம் முறை திரும்பி வந்தபோது, காலண்டர் தாளில் அதற்கு அட்டை போட்டிருந்தாள்.