பல்லிக்குப் போடும் பூச்சியில் கால்சியம் தூவுங்கள்

கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் லெப்பர்ட் கெக்கோ என்ற புள்ளிப் பல்லியை வளர்ப்பவர்கள் கவனத்துக்கு. கிரிக்கெட் பூச்சியிலும் மீல்வார்ம் புழுவிலும் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம், அதையே வெறுமனே போட்டுக்கொண்டிருந்தால் எலும்பு மெலிந்து தாடை ரப்பர் மாதிரி வளையும், கால் கோணும். ஒரு டப்பாவில் பூச்சிகளை விட்டு, பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் கார்பனேட் பவுடர் ஒரு சிட்டிகை தூவி மெதுவாகக் குலுக்குங்கள். மேலே லேசாக வெள்ளை பூத்தால் போதும், உடனே தீனிக்குப் போட்டுவிடுங்கள், தாமதித்தால் பூச்சி கால், மீசையெல்லாம் துடைத்துப் பவுடரை உதிர்த்துவிடும்.

அப்புறம், வெற்றிலைச் சுண்ணாம்பும் கால்சியம்தானே என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள், வாய் வெந்துவிடும். வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பவுடரையும் தினமும் போடக் கூடாது, அளவு மீறினால் அது உடம்பில் தங்கி நஞ்சாகும்.

பூச்சிக்கு முந்தின நாளே முருங்கைக் கீரை போட்டுவையுங்கள், அதன் வயிறு வழியாகவும் கொஞ்சம் சத்து போகும். பசலை வேண்டாம், அதில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வரும்போது பவுடர் கட்டிதட்டும், சின்ன டப்பாவாக வாங்கி இறுக மூடி வையுங்கள்.