தத்தெடுக்க நினைக்கும் சேலத்துக்காரர்களுக்கு: பதிவு, வீட்டு ஆய்வு, அப்புறம் காத்திருப்பு

சேலத்தில் தத்தெடுப்பு என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர், "தொட்டில் குழந்தை மையத்தில் சொல்லி வையுங்கள், குழந்தை வந்தால் கூப்பிடுவார்கள்" என்பார். வளர்க்க முடியாத குழந்தையை அரசிடம் ஒப்படைக்க வழி செய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் நம் ஊரில்தான் தொடங்கியது என்பதால் இங்கே அந்த நினைப்பு இன்னும் போகவில்லை. இப்போது அப்படியெல்லாம் யாரும் எடுத்துக் கொடுக்க முடியாது. குழந்தையைத் தத்துக்கு விடலாம் என்று குழந்தைகள் நலக் குழு அறிவித்த பிறகு, காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்தவர்களுக்கு மூப்பு வரிசைப்படிதான் அழைப்பு வரும். "ஆஸ்பத்திரியில் தெரிந்த அக்கா இருக்கிறார், பணம் கொடுத்தால் முடித்துத் தருவார்" என்று எவராவது வந்தால் எழுந்து போய்விடுங்கள். 2019ல் பக்கத்து ராசிபுரத்தில் வெடித்த குழந்தை விற்பனை விவகாரம் ஞாபகம் இருக்கும். விற்றவருக்கு மட்டுமல்ல, வாங்கியவருக்கும் ஐந்து வருடம் வரை சிறை உண்டு.

முதலில் உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். தம்பதி என்றால் குறைந்தது இரண்டு வருட மண வாழ்க்கை வேண்டும், இருவரும் சம்மதிக்க வேண்டும். தனியாக இருக்கும் பெண் ஆண் குழந்தை, பெண் குழந்தை எதையும் தத்தெடுக்கலாம், தனியாக இருக்கும் ஆணுக்குப் பெண் குழந்தை கிடையாது. இரண்டு வயதுக்குள் குழந்தை வேண்டுமானால் தம்பதியின் வயதைக் கூட்டினால் 85க்கு மேல் போகக் கூடாது, தனியாள் என்றால் 40. இரண்டிலிருந்து நான்கு வயதுக்கு 90, 45. நான்கிலிருந்து எட்டுக்கு 100, 50. "இன்னும் ரெண்டு வருஷம் பார்ப்போம்" என்று தள்ளிப் போடுகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு இடிக்கும்.

பதிவை வீட்டிலிருந்தே போனில் செய்யலாம், தெரியாவிட்டால் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகத்தில் கேளுங்கள். பதிந்து 30 நாளைக்குள் ஆவணங்களை ஏற்ற வேண்டும்: குடும்பப் போட்டோ, பான் அட்டை, வயதுக்கும் முகவரிக்கும் சான்று, திருமணச் சான்றிதழ், டாக்டர் சான்று, வருமானச் சான்று, உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரின் கடிதம். கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் எங்களிடம் சம்பளச் சீட்டு ஏது? வருமான வரிக் கணக்கைத்தான் வைத்தோம். கல்யாணத்தைப் பதிவு செய்யாமலே விட்டவர்கள் அந்த வேலையை முதலில் முடித்துவிடுங்கள், எங்களுக்கு அங்கேதான் நாள் வீணானது.

அடுத்தது வீட்டு ஆய்வு. எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். கட்டணம் 6,000 ரூபாய், ஆவணங்கள் கொடுத்த 60 நாளைக்குள் அறிக்கை முடிய வேண்டும், அந்த அறிக்கை மூன்று வருடம் செல்லும். சமூகப் பணியாளர் வருகிறார் என்றதும் நான் சுண்ணாம்பு அடித்து, திரைச்சீலை மாற்றி, பட்டறைச் சாமான்களை எல்லாம் பின்கட்டில் ஒளித்து வைத்தேன். வந்தவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "பட்டறை எங்கே? ஆசிட் எல்லாம் எங்கே வைப்பீர்கள்?" சொந்த வீடா வாடகையா, எத்தனை சதுர அடி என்பதில் அவருக்குப் பெரிய அக்கறை இல்லை. ஏற்காட்டு எஸ்டேட்டில் லைன் வீட்டில் இருப்பவர்கள் "நம் வீட்டைப் பார்த்தாலே வேண்டாம் என்பார்கள்" என்று கொண்டை ஊசி வளைவு இறங்கி வரவே தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் தேவையில்லை. குழந்தைக்குப் பாதுகாப்பான இடம், அதை வளர்க்கிற அளவுக்கு நிலையான வருமானம், இதுதான் கணக்கு.

அவர் தோண்டிக் கேட்பது வேறு. இருவரையும் சேர்த்தும் தனித்தனியாகவும் பேச வைப்பார். சொந்தக் குழந்தை இல்லையே என்ற வருத்தம் இப்போது எந்த அளவில் இருக்கிறது, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், குழந்தையிடம் தத்து விஷயத்தை எப்போது சொல்வீர்கள், உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பார்த்துக்கொள்வார்கள். மனப்பாடம் செய்த பதில் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். என் கணவர் "சொல்லவே மாட்டோம், எங்கள் குழந்தைதானே" என்று பெருமையாகச் சொல்லப்போய், அதன் மேலேயே அரை மணி நேரம் பேச்சு நடந்தது. சொல்லத்தான் வேண்டும், சின்ன வயதிலேயே கதை போலச் சொல்லிப் பழக்க வேண்டும் என்று எங்களுக்கே அப்போதுதான் உறைத்தது. அப்புறம் அத்தையைக் கூப்பிட்டு, "நாளைக்கு இந்தக் குழந்தை உங்களை அப்பத்தா என்று கூப்பிட்டால்?" என்றார். அத்தை யோசித்துவிட்டு, "என்ன சாதியோ என்று முதலில் நெனச்சேன், இப்ப இல்லை" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அந்த உண்மைதான் எங்களுக்கு உதவியது என்று நினைக்கிறேன். அதனால் வீட்டுப் பெரியவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து உட்கார வைக்காதீர்கள், ஆய்வுக்குப் பல மாதம் முன்பே மனம் விட்டுப் பேசிவிடுங்கள். மாத்திரை சாப்பிடும் சர்க்கரை வியாதி, பழைய விவாகரத்து எதையும் மறைக்காதீர்கள், பின்னால் வெளியே வந்தால் மறைத்ததுதான் பெரிய தப்பாகத் தெரியும். ஒருவேளை மறுத்தால் காரணத்தை உங்களிடம் சொல்ல வேண்டும், மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு.

அப்புறம் காத்திருப்பு. கைக்குழந்தை கேட்டிருந்தால் வருடக்கணக்கில் ஆகும், எங்களுக்கு மூன்று வருடம் தாண்டியது. வளர்ந்த குழந்தைக்கோ சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைக்கோ மனம் இருந்தால் சீக்கிரம் வரும், ஆனால் வரிசை சின்னது என்பதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பதிவில் கொடுத்த போன் நம்பரை மாற்றாதீர்கள். குழந்தையின் விவரம் வந்தால் 48 மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தையை உங்களுக்கென்று இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், அதன் பிறகு 30 நாளைக்குள் நேரில் போய்ப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். மருத்துவ அறிக்கையை உங்கள் குழந்தை மருத்துவரிடம் காட்டிக்கொள்ளலாம். சம்மதம் என்றால் குழந்தையைப் பராமரிக்கும் தத்து நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் கட்டணம், அதற்கு ரசீது உண்டு. இதற்கு மேல் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

தத்து எடுக்காமல் ஒரு குழந்தைக்கு வீடு கொடுக்க நினைப்பவர்களுக்கு வளர்ப்புப் பராமரிப்பு இருக்கிறது. இல்லங்களில் இருக்கும், ஆறு வயது தாண்டிய குழந்தைகள்தான் பெரும்பாலும் இதில் வருவார்கள். 2024 வழிகாட்டுதலின்படி 35 முதல் 60 வயது வரையுள்ள தனியாளும் விண்ணப்பிக்கலாம், இரண்டு வருடம் வளர்த்த பிறகு தத்து கேட்கவும் வழி இருக்கிறது. இதற்கும் பாதுகாப்பு அலகுதான், இதற்கும் வீட்டு ஆய்வு உண்டு. பெற்ற குடும்பத்திடம் குழந்தை திரும்பிப் போகலாம் என்பதை ஏற்க முடியாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

தத்து உத்தரவுக்கு முன்பு கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது, 2022 செப்டம்பரிலிருந்து ஆட்சியரே கொடுக்கிறார். உத்தரவு கைக்கு வந்ததும் அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழ் வாங்குங்கள், அதில் பெற்றோர் பெயராக உங்கள் பெயர்தான் இருக்கும். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். அடுத்த இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வந்து பார்ப்பார். எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தபோது கதவைத் திறந்தது மகள்தான், அவரைப் பட்டறைக்குக் கூட்டிப்போய் ஆசிட் வைத்திருக்கும் பூட்டிய அலமாரியைக் காட்டி, "இதைத் தொடக் கூடாது" என்று அவருக்கே சொல்லிக் கொடுத்தாள்.