பி.ஏ. செட் சோதனை: விசில் ஊதும்வரை பாருங்கள்

தேர்டு மேட்டாக (மூன்றாம் நிலை அதிகாரியாக) கப்பல் ஏறியதும், தீயணைப்புச் சாதனங்கள் இருக்கும் ஃபயர் லாக்கர் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். புகைக்குள் போகும்போது மாட்டிக்கொள்ளும் சுவாசக் கருவிதான் பி.ஏ. செட். அதன் கேஜ் 300 பார் (அழுத்த அலகு) காட்டுகிறதே என்று செக்லிஸ்ட்டில் டிக் அடித்துவிடாதீர்கள். சிலிண்டரில் காற்று இருந்தாலும், அது மாஸ்க்குக்கு ஒழுங்காக வந்து சேர வேண்டுமே.

வார், ஹோஸ், மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு எல்லாவற்றையும் கையால் தடவிப் பாருங்கள். சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள். ஸ்டீல் சிலிண்டருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பிச் செய்யும் அழுத்தச் சோதனை) ஆகியிருக்க வேண்டும்.

அடுத்து கசிவு. மூச்சு இழுக்கும்போது மாஸ்க்குக்குக் காற்று விடும் டிமாண்ட் வால்வை மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, சிலிண்டர் வால்வை முழுதாகத் திறந்து, கேஜ் ஏறி நின்றதும் மூடுங்கள். பெரும்பாலான செட்களில் ஒரு நிமிடத்தில் 10 பாருக்கு மேல் இறங்கக் கூடாது. உங்கள் செட்டின் மேனுவலையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். முள் இறங்கிக்கொண்டே இருந்தது. சிலிண்டர் இணைப்பில் ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். இன்னும் வேகமாக இறங்கியது. காற்றை வெளியேற்றிவிட்டுக் கழற்றினால், ஓ ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வெட்டுப்பட்டிருந்தது. பக்கத்திலேயே ஒரு பெயிண்ட் துணுக்கு. முதலிலேயே அதைத் துடைத்திருந்தால் போதும். அந்த இணைப்பைக் கையால் மட்டும் இறுக்குங்கள். எண்ணெய், சாதாரண கிரீஸ் கிட்டவே வரக் கூடாது. மாஸ்க் துடைக்க எனக்கு ஸ்பிரிட் பிடிக்காது. இளஞ்சூடான சோப்புத் தண்ணீரும் நூல் பிரியாத துணியும்தான்.

சரி, காற்று தீரப்போவதை எச்சரிக்கும் விசில். சிலிண்டர் வால்வு மூடியே இருக்கட்டும். டிமாண்ட் வால்வின் வாயை உள்ளங்கையால் பொத்தி, ஹோஸில் மிஞ்சிய காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கண் கேஜிலேயே இருக்கட்டும். சுமார் 55 பாரில் விசில் ஊத வேண்டும். நிஜமாக மாட்டியிருக்கும்போது 6 லிட்டர் சிலிண்டரில் அந்த அழுத்தத்தில் மிஞ்சுவது 330 லிட்டர் காற்று. கடும் வேலையில் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுப்போம். ஆக, வெளியே வர எட்டு நிமிடம். விசில் பிந்தினால் உள்ளே இருப்பவருக்கு அந்த நேரம் கிடைக்காது. அந்த செட்டை உடனே தனியே எடுத்து வைத்து, சீஃப் மேட்டிடம் சொல்லுங்கள்.

கடைசியாக மாஸ்க்கைப் போட்டு, சிலிண்டர் வால்வு மூடியிருக்கும்போதே மூச்சை இழுங்கள். அது முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். தாடி இருந்தால் நிற்காது.

பின்சேர்க்கை: சிங்கப்பூரில் 300 இருந்தது, கொரியக் குளிரில் 270தான் காட்டுகிறது, கசிவா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். குளிரில் அழுத்தம் அந்த அளவு குறையும். வால்வில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வராவிட்டால் கவலை வேண்டாம். அங்கேயே 300க்கு ஏற்றிவிடாதீர்கள், வெயிலுக்குத் திரும்பியதும் அழுத்தம் அளவு மீறிப் போகும்.