பிரேஸ் கம்பி கன்னத்தில் குத்துகிறதா?
டர்பனில் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் பல் கிளினிக் திறந்திருப்பது அபூர்வம். காய்ந்த பில்டாங்கை (உப்பு, மசாலா தடவி உலர்த்திய இறைச்சி) கடித்துக் கம்பி பிதுங்குவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

சுத்தமான பென்சில் ரப்பரால் கம்பி முனையைப் பல்லோடு சேர்த்து மெல்ல அழுத்திப் பாருங்கள். மடங்கவில்லையா? பிரேஸுக்கான மெழுகில் பட்டாணி அளவு கிள்ளி, விரல் சூட்டில் உருட்டி அப்புங்கள். அதற்கு முன் அந்த இடத்தை டிஷ்யூவால் நன்றாகத் துடைக்க வேண்டும். எச்சில் ஈரத்தில் மெழுகு ஒட்டாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். சாப்பிடும்முன் எடுத்துவிட்டு, பல் துலக்கியபின் புதிதாக வையுங்கள். தவறி விழுங்கினாலும் பயமில்லை.

பிராக்கெட் (பல்லில் ஒட்டிக் கம்பியைப் பிடித்திருக்கும் சிறு துண்டு) கழன்று கம்பியில் தொங்கினால் பிடுங்காதீர்கள், வீட்டுப் பசையால் ஒட்டவே வேண்டாம். திங்கட்கிழமை போன் செய்யும்போதே எந்தப் பல் என்று சொல்லுங்கள். மறுபடி ஒட்ட நேரம் ஒதுக்குவார்கள்.