அரிஸ்டாட்டிலின் தருக்க நூல்களுக்கான பண்டைய உரைகளை வாசிக்கும் முறை

அரிஸ்டாட்டிலின் நூல்களுக்குக் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட உரைகளை பெர்லின் அறிவியல் கழகம் 1882 முதல் 1909 வரை 23 தொகுதிகளாகப் பதிப்பித்தது. அவற்றைத் தொடக்கத்திலிருந்து வரிசையாக வாசிக்க முயல்பவர் விரைவில் சோர்ந்துவிடுவார். ஒரு சிறு மூலப் பகுதியையும் அதற்கான ஓர் உரையையும் எடுத்துக்கொள்வதே நல்லது. மொழியில் ஆர்வமுள்ளவர்களுக்கு சொல்லையும் கூற்றையும் ஆராயும் 'பெரி ஹெர்மெனெய்யாஸ்' என்னும் அரிஸ்டாட்டிலின் தருக்க நூலின் முதல் அதிகாரம் மிகப் பொருத்தமானது.

முதலில் உரையின் துணையின்றி மூலத்தை வாசியுங்கள். பேச்சொலிகள் உள்ளத்தின் பதிவுகளுக்குக் குறியீடுகள், எழுத்துகள் பேச்சொலிகளுக்குக் குறியீடுகள். ஒலியும் எழுத்தும் மக்களுக்கு மக்கள் மாறினாலும் உள்ளப் பதிவுகளும் அவை ஒத்திருக்கும் பொருள்களும் எல்லோருக்கும் ஒன்றே என்று அரிஸ்டாட்டில் சில வரிகளில் சொல்லி முடிக்கிறார். உங்களுக்கு எழும் ஐயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் காணும் '16அ' போன்ற எண்கள் 1831இல் ஜெர்மானிய அறிஞர் பெக்கர் வெளியிட்ட அரிஸ்டாட்டில் பதிப்பின் பக்கத்தையும் அதிலுள்ள நிரலையும் சுட்டுவன; எந்த மொழிபெயர்ப்பிலும் இடம் காண அவையே உதவும்.

அடுத்து அம்மோனியஸின் உரைக்குச் செல்லலாம். அலெக்சாந்திரியாவில் கற்பித்த இவர் பிளேட்டோ வழிவந்த மெய்யியலாளர் புரோக்ளஸின் மாணவர். உரையின் பாயிரத்தை வாசிக்காமல் விட்டுவிடாதீர்கள். நூலின் நோக்கம் என்ன, பயன் என்ன, கற்கும் வரிசையில் அதன் இடம் எது, தலைப்பின் காரணம் என்ன, அது அரிஸ்டாட்டில் எழுதியதுதானா என்னும் வினாக்களை உரையாசிரியர்கள் அங்கேதான் எழுப்புகிறார்கள். கடைசி வினா வெறும் சடங்கன்று. உள்ளப் பதிவுகளைப் பற்றி அரிஸ்டாட்டிலின் 'ஆன்மாவைக் குறித்து' என்னும் நூலில் பேசியதாக இந்த நூல் சொல்வதற்குப் பொருத்தமான இடம் அங்கே கிடைக்கவில்லை என்று கருதிய அரிஸ்டாட்டிலின் நூல்களைப் பண்டைக் காலத்தில் தொகுத்தவரான ரோட்ஸ் தீவின் ஆண்ட்ரோனிக்கஸ், இது அரிஸ்டாட்டிலின் படைப்பே அல்ல என ஒதுக்கியதை அம்மோனியஸ் எடுத்துரைத்து மறுக்கிறார். ஒரே ஒரு குறிப்பு, நூலை எழுதியவர் யார் என்பதையே அசைத்துப் பார்த்ததைக் காண்பது, என் மதிப்பீட்டில், இவ்வகை உரைகள் தரும் மிகச் சிறந்த பயிற்சி.

பாயிரத்துக்குப் பின் மூலத்தொடர் சிறு துண்டுகளாக வரும். அதையொட்டி விளக்கம் நீளும். ஒவ்வொரு துண்டிலும் எந்தச் சொல் மூலத்தினுடையது, எது உரையாசிரியரின் சேர்க்கை, எது அவர் மறுக்கும் முன்னோரின் கருத்து என்பதைப் பென்சிலால் பிரித்துக் காட்டுங்கள். பெயர்கள் இயல்பாயமைந்தவையா, உடன்பாட்டால் அமைந்தவையா என்ற வினாவில் பிளேட்டோவின் 'கிராட்டிலஸ்' உரையாடலை அம்மோனியஸ் அரிஸ்டாட்டிலோடு இணக்கப்படுத்த முயல்வார். பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் அடிப்படையில் ஒத்துப்போகிறார்கள் என்பது அவருடைய பள்ளியின் நம்பிக்கை. ஆகவே அங்கே சற்று எச்சரிக்கை தேவை.

பிறகு அதே துண்டுக்கு ரோமானிய மெய்யியலாளர் பொயீத்தியஸ் லத்தீனில் எழுதிய இரண்டு உரைகளுள் நீளமான இரண்டாவதை ஒப்பிடுங்கள். அவர் மூன்றாம் நூற்றாண்டு மெய்யியலாளர் போர்ஃபிரி எழுதி, இன்று கிடைக்காத உரையைப் பெரிதும் சார்ந்திருக்கிறார். அம்மோனியஸோ புரோக்ளஸின் பாடத்தைச் சார்ந்தவர். இருவரும் ஒரே செய்தியைத் தரும் இடங்களில் தொலைந்துபோன அந்தப் பழைய உரையின் சாயல் தெரியக்கூடும்.

கிரேக்கமோ லத்தீனோ அறியாதவர்கள், ரிச்சர்ட் சொராப்ஜி தொடங்கி 1987 முதல் வெளிவரும் ஆங்கில மொழிபெயர்ப்பு வரிசையைப் பயன்படுத்தலாம். அதையும் கடினமாக உணர்பவர்கள், அரிஸ்டாட்டிலின் மற்றொரு தருக்க நூலான 'கேட்டகரீஸ்' நூலுக்கு வினா விடை வடிவில் போர்ஃபிரி எழுதிய உரையிலிருந்து தொடங்கட்டும்.