திறமூல மென்பொருளை நிறுவனம் நம்புவதற்குச் செய்ய வேண்டியவை

நிறுவனத்தின் விற்பனைக் கணக்கையும் வாடிக்கையாளர் விவரங்களையும் போஸ்ட்கிரெஸ் போன்ற திறமூலத் தரவுத்தளத்திற்கு மாற்றலாம் என்று முன்மொழியும்போது, "மூலநிரல் எல்லோரும் பார்க்கத் திறந்திருக்கிறது, ஆகவே பாதுகாப்பானது" என்ற வாதத்தோடு நிர்வாகத்திடம் போகாதீர்கள். திறந்திருக்கும் நிரலை யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம் என்பது உண்மை. யாரேனும் சோதித்துவிட்டார்கள் என்பதற்கு அது சான்றாகாது. 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் குறைபாடு, தகவலை மறையாக்கம் செய்ய எண்ணற்ற வலைத்தளங்கள் சார்ந்திருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல நிரலுக்குள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கவனிக்கப்படாமல் கிடந்தது.

ஆகவே முதலில் அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்களைப் பற்றி விசாரியுங்கள். எத்தனை பேர் நிரல் எழுதுகிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் தருவது ஒரே நிறுவனமா பல நிறுவனங்களா, பாதுகாப்புத் திருத்தங்கள் எவ்வளவு விரைவில் வருகின்றன என்பவற்றைப் பெரும்பாலும் அத்திட்டத்தின் பொதுப் பதிவுகளிலிருந்தே அறியலாம். இதில் சோம்பல் கூடாது. கோப்புகளின் அளவைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற திறமூல நிரலை முக்கியமாக ஒருவரே ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். உதவ வந்தவராக நெடுநாள் பழகி அவருடைய நம்பிக்கையைப் பெற்ற மற்றொருவர், அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அனுமதியின்றி உள்ளே நுழைய உதவும் ரகசிய வழியான பின்கதவு ஒன்றைச் சேர்த்துவிட்டார். 2024 மார்ச்சில் அதைக் கண்டுபிடித்தவர் போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட். தொலைவிலுள்ள கணினியில் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்த அவர், காரணத்தைத் தோண்டிப் பார்க்க முடிந்ததற்கு நிரல் திறந்திருந்ததே வழிசெய்தது. நிர்வாகத்திடம் இந்நிகழ்வின் இரண்டு பக்கங்களையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உரிமத்தைச் சட்ட ஆலோசகரிடம் காட்டுங்கள். சர்வர்களை நிரல்வழி அமைக்க உதவும் டெர்ராஃபார்ம் என்ற மென்பொருளின் திறமூல உரிமத்தை அதன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் கைவிட்டபோது, அம்மென்பொருளைச் சார்ந்திருந்தவர்கள் பழைய உரிமத்தில் வெளியான நிரலிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற கிளையைத் தொடங்க வேண்டியதாயிற்று. பதிப்புரிமை ஒரே நிறுவனத்திடம் குவிந்துள்ள மென்பொருளில் இப்படி நேரக்கூடும். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு அத்தகைய ஒற்றை உரிமையாளர் இல்லை என்பதே, என் கணிப்பில், அதன் மிகப் பெரிய பலம்.

அதே வேளையில், நிறுவனத்துக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் திறமூலக் கூறுகளைப் பட்டியலிடுங்கள். 2021 டிசம்பரில் மென்பொருளின் செயல்பாடுகளைப் பதிவுசெய்யும் லாக்4ஜே என்ற திறமூல நிரலின் குறைபாடு வெளிவந்தபோது, அந்த நிரல் தங்கள் கணினிகளில் எங்கெங்கே இருக்கிறது என்றே பல நிறுவனங்களுக்குத் தெரியவில்லை. விலைக்கு வாங்கிய மென்பொருள்களுக்குள்ளும் அது பொதிந்திருந்தது. பட்டியலைப் பார்க்கும் நிர்வாகம், திறமூலத்தைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்ற கேள்வியை விட்டு, ஏற்கெனவே பயன்படுத்துவதை எப்படிக் கவனித்துக்கொள்வது என்ற கேள்விக்கு வந்துவிடும்.

முதல் முயற்சியில், அறிக்கைகளுக்கான நகல் தரவை மட்டும் மாற்றுங்கள். வேகத்தைக் காட்டுவதைவிட, காப்புநகலிலிருந்து தரவை மீட்டெடுத்துக் காட்டுவது முக்கியம். அதை வேறொரு கணினியில், நிதிப் பிரிவினர் முன்னிலையில் செய்து, மொத்தங்கள் பழைய கணக்கோடு ஒத்துப்போகின்றனவா என்று அவர்களையே சரிபார்க்கச் சொல்லுங்கள். போஸ்ட்கிரெஸ்ஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 5 ஆண்டுகள் திருத்தங்கள் வெளிவருவதால், அடுத்த பதிப்புக்கு மாற வேண்டிய ஆண்டையும் அதற்குப் பொறுப்பானவரையும் இப்போதே எழுத்தில் குறித்துவிடுங்கள்.

உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் தொகை முழுவதையும் சேமிப்பு என்று கணக்குக் காட்டாதீர்கள். நள்ளிரவில் தரவுத்தளம் நின்றால் எத்தனை மணி நேரத்துக்குள் உதவி வரும் என்று எழுதித் தரும் ஆதரவு ஒப்பந்தத்துக்கு ஒரு பங்கையும், அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கான நிதியுதவிக்கு இன்னொரு பங்கையும் அதே ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்கச் சொல்லுங்கள்.